கரடிக்கு வெறுந்தரை

அண்ணனுக்கு வௌவால், எனக்குக் கரடி. யார் அப்படித் தீர்மானித்தது என்று நினைவில்லை. அண்ணன் நல்லதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை எனக்குத் தந்திருப்பான். லண்டனில் இருந்த பெரியப்பா அனுப்பிய வீடியோ விளையாட்டுப் பெட்டி அது. ரீவியில் பூட்டினால் இரண்டு பேர் சண்டை பிடிக்கலாம். அடிவாங்கிக் களத்துக்கு வெளியே விழுந்தவர் தோற்றவர். வௌவால் விழுந்தாலும் சிறகடித்து மேலே வந்துவிடும். என் கரடி விழுந்தால் விழுந்ததுதான். ஆனால் காலுக்குக் கீழே தரை இருக்கும்வரை அதற்குக் கிட்டே யாரும் போக முடியாது.

ஆகவே கரடியின் தலைவிதி களத்தைத் தெரிவு செய்வதில்தான் இருந்தது. ஆகாயத்தில் பலகைகள் மிதக்கும் களம் ஒன்று உண்டு. வௌவால் பலகைக்குப் பலகை தாவி மேலிருந்து அடிக்கும். கரடி அண்ணாந்து பார்த்தபடி உதை வாங்கும். இன்னொன்று இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை ஒரே மட்டம். அதற்கு வெறுந்தரை என்று பெயர் வைத்திருந்தோம். அதில் வௌவாலுக்குத் தாவ இடமில்லை. தாவினாலும் கடைசியில் கரடியிடம்தான் இறங்க வேண்டும்.

எங்கள் சண்டை பொறுக்காமல் அம்மாதான் ஒரு சட்டம் போட்டார். தோற்றவர் அடுத்த களத்தைச் சொல்ல வேண்டும். நான் தோற்றால் வெறுந்தரை, அண்ணன் தோற்றால் பலகை. இதனால் இருவருமே மாறி மாறி வென்றோம். விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாமலே அம்மா வீட்டில் சமாதானத்தைக் கொண்டுவந்துவிட்டார். நாட்டில்தான் அதற்கு ஆளில்லை.

அம்மாவும் கரடிக் கட்சி என்பது என் எண்ணம். யுத்தத்துக்குத் தப்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் வீடு தேடியபோது அவர் தட்டிக்கழித்த இடங்களுக்குக் கணக்கில்லை. லொட்ஜ் வேண்டாம், அங்கேதான் பொலிஸ்காரர் முதலில் சோதனைக்கு வருவார்கள். மாடி வேண்டாம், இறங்கித் தப்ப ஒரே ஒரு படிக்கட்டு. கடைசியில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், ஓய்வுபெற்ற சிங்கள ரீச்சர் ஒருவரின் வீட்டுக்குப் பின்னால் நிலத்தோடு இருந்த இரண்டு அறைகளைப் பிடித்தார். பொலிஸ் வந்தால் ரீச்சர் முன்னால் வந்து கதைப்பார். அண்ணன் மாடியும் கடற்காற்றும் கேட்டு முகத்தை நீட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பதினெட்டு வயது. அவன் வயதுப் பொடியன்கள் கடைக்குப் பாண் வாங்கப் போனாலும் திரும்பி வரும்வரை வீட்டிலுள்ளவர்கள் வாசலில் நிற்கிற காலம். பெட்டியைப் பெரியப்பாவிடம் கேட்டு எடுப்பித்ததே அவனை வீட்டோடு இருத்தத்தான்.

அன்று அம்மா பொரளைக்குக் கண் காட்டப் போயிருந்தார். போகும்போது, "ரெண்டு பேரும் கேற்றுக்கு அங்கால போகக்கூடாது" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு அண்ணனையும் ஒருமுறை பார்த்தார்.

அவர் போனதும் ரெலிபோன் அடித்தது. கொட்டாஞ்சேனையில் இருந்த அண்ணனின் நண்பன். அங்கே பொடியன்கள் சேர்ந்திருக்கிறார்களாம், பெட்டியைக் கொண்டுவந்தால் போட்டி வைக்கலாமாம். வர ஏலாது என்று அண்ணன் ஏதோ சாட்டுச் சொன்னான். நண்பன் ஏதோ நக்கலடித்திருக்க வேண்டும். "எனக்கென்னடா பயம். ரெண்டு மணிக்கு அங்க நிப்பன்" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

பெட்டியையும் வயர்களையும் சுற்றி எடுத்துப் பள்ளிக்கூடப் பைக்குள் அடுக்கத் தொடங்கினான். கறுப்புப் பெட்டி, அதிலிருந்து தொங்கும் வயர்கள், அதைச் சுமந்துகொண்டு பஸ்ஸில் ஒரு தமிழ்ப் பொடியன். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போவதற்குள் எத்தனை இடத்தில் சோதனைக்கு மறிப்பார்கள் என்று பத்து வயதான எனக்கே தெரியும். அதை விளையாட்டுச் சாமான் என்று யார் நம்பப்போகிறார்கள்? நான் போய்க் கதவில் சாய்ந்து நின்றேன்.

"அம்மாட்டச் சொல்லுவன்."

அண்ணன் என்னைத் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் பையைக் கீழே வைத்தான்.

"சரி, மூண்டு ஆட்டம். நான் வெண்டால் நீ வாய் திறக்கக்கூடாது. நீ வெண்டால் நான் போகேல்லை."

பையிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப எடுத்துப் பூட்டினான். முதல் களத்துக்குக் காசு சுண்டினோம். அவனுக்கு விழுந்தது. பலகை. கரடி போன வேகத்தில் விழுந்தது. அடுத்தது என் தெரிவு. வெறுந்தரையில் வௌவாலைத் துவைத்து எடுத்தேன். ஆனால் எனக்குச் சந்தோசமே வரவில்லை. மூன்றாவது களத்தைச் சொல்லும் முறை அவனுடையது. அவன் பலகையைத்தான் சொல்வான், நான் விழுவேன், அவன் போய்விடுவான். பிள்ளையாருக்கு நான் வாக்குக் கொடுக்காத சாமானில்லை.

திரையில் அம்புக்குறி பலகைக்குப் போனது. அங்கேயே நின்றது. பிறகு மெல்ல நகர்ந்து வெறுந்தரையில் வந்து அழுந்தியது.

எனக்கு நம்ப முடியவில்லை. தலைக்கனம் என்று நினைத்தேன். என்னை என் களத்திலேயே வெல்லலாம் என்று பார்க்கிறான். இருக்கிற கோபம், பயம் எல்லாம் சேர்த்து அடித்தேன். வௌவால் ஒருமுறைகூட ஒழுங்காகத் திருப்பி அடிக்கவில்லை.

அண்ணன் எழுந்துபோய் ரெலிபோன் எடுத்தான். "மச்சான், நான் வரேல்லையடா. தங்கச்சி விடுறாள் இல்லை. அம்மாட்டச் சொல்லிப்போடுவாள், கரைச்சல்." அந்தப் பக்கம் சிரித்தது எனக்கே கேட்டது. அவனும் சிரித்தான்.

பின்னேரம் அம்மா முகம் வெளிறி வந்தார். "பம்பலப்பிட்டியில பஸ்ஸ மறிச்சுப் பொடியள் எல்லாரையும் இறக்கி வெயிலுக்க விட்டிருக்கிறாங்கள். பையெல்லாம் கொட்டிப் பாக்கிறாங்கள். கொஞ்சப் பேரை ஜீப்பில ஏத்திக்கொண்டும் போட்டாங்கள்." சொல்லிக்கொண்டே அண்ணனின் கையைப் பிடித்து, பிடித்த கையை விடாமலே கதிரையில் இருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான்தான் அண்ணாவை மறித்தேன், வெறுந்தரையில் வென்றேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அம்மா அவனை ஏசுவார் என்று பார்த்தேன். ஏசவில்லை. அண்ணனைத்தான் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணனைக் காப்பாற்றிய கதையைப் பிறகு வருசக்கணக்காகச் சொல்லித்திரிந்தேன். கல்யாண வீடுகளில்கூடச் சொல்லியிருக்கிறேன். அவன் ஒருநாளும் மறுத்ததில்லை. "ஓம், அவள் விட்டிருந்தால் போயிருப்பன்" என்பான்.

அன்று ஆட்டம் முடிந்ததும் சாமான்களை எடுத்து வைத்தது நான்தான். அண்ணனின் கொன்ட்ரோலர் கையில் வழுக்கியது. அவ்வளவு ஈரம். சீ என்று சொல்லி அதை என் சட்டையில் துடைத்தேன். வெக்கை, அதுதான் வியர்த்திருக்கிறது என்று நினைத்தேன். ஒரே விசிறிக்குக் கீழேதான் இருவரும் இருந்தோம். என் கொன்ட்ரோலர் காய்ந்து கிடந்தது.