சங்கம் காயடித்த மட்டக்குதிரை

சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டை ஒட்டிய காலி மனையில் ஒரு மட்டக்குதிரை வளர்க்கிறேன். பெண்குதிரை, அசல் நாட்டு இனம், என் நெஞ்சு உயரம்கூட இல்லை. லாடம் அடிக்காமலே தார்ச்சாலையில் நடப்பாள். ஏரிக்கரைப் புல்லை மேய்ந்துவிட்டு மழையில் நின்றாலும் ஒன்றும் ஆகாது. இந்த அருமை யாருக்கு வேண்டும்? கல்யாண ஊர்வலத்துக்கு வடக்கத்தி உயரக் குதிரைதான் வேண்டுமாம். குழந்தைகளை ஏற்றிச் சுற்ற மட்டக்குதிரை போதும், ஆனால் ஆண் முரண்டு பிடிக்கும் என்று குட்டியிலேயே காயடித்துவிடுகிறார்கள். அப்புறம் இனம் எங்கிருந்து பெருகும்?

அவளுக்கோ வயதாகிக்கொண்டிருந்தது. ஒரு குட்டியாவது பார்த்துவிட வேண்டும் என்று, காயடிக்காத நாட்டு ஆண் தேடித் தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம் வரை நாயாக அலைந்தேன். கடைசியில் கீழ்க்கட்டளையில் ஒரு அண்ணனிடம் இருந்தது. பிறந்தநாள் விழாக்களுக்குக் குதிரை கொண்டுபோகிறவர். அவள் பருவத்துக்கு வரும்வரை அவருடைய குதிரையும் என் மனையிலேயே நிற்கட்டும் என்று பேசி முடித்தோம்.

ஆண்குதிரை பெண்ணைப் பார்த்தால் கனைக்கும். இன்னொன்றுக்கும் முயலும், அதற்குத்தானே கொண்டுவந்தேன்! எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு மானம் போய்விட்டது. செயலாளர் கேட்டருகே வந்து நின்று, "சார், லேடீஸ் வாக்கிங் போற ரோடு. குழந்தைங்க கேள்வி கேக்குறாங்க, எம்பரசிங்கா இருக்கு" என்றார்.

இவர் யார் என்றால், நாட்டுமாட்டுப் பாலின் மகிமை பற்றித் தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் எங்களுக்குப் பாடம் எடுப்பவர். எனக்குச் சுருக்கென்று வந்தது.

"கன்னு போடாம மாடு எப்படி சார் பால் குடுக்கும்?" என்றேன்.

"டாபிக்கை மாத்தாதீங்க சார்" என்று போய்விட்டார்.

போனவர் சும்மா இருக்கவில்லை. என்னை அசைக்க முடியாது என்று அண்ணனைப் பிடித்திருக்கிறார்கள். ஒருநாள் ஆபீஸிலிருந்து வந்தால் மனையில் ஆண்குதிரை இல்லை. அண்ணன் மட்டும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

"டாக்டராண்ட இட்டுகினு போயி காயடிச்சிட்டேன் சார். பொறந்தநாளு ஆர்டர் அல்லாம் இந்தக் காலனிலதான் கீது. குதிரைய அடக்கு, இல்லாங்காட்டி இங்க வராதன்னுட்டாங்க. நான் இன்னா பண்ணுவேன்?"

வாய்க்கு வந்தபடி கத்தினேன். பிழைப்பில் கை வைத்தால் அவர்தான் என்ன செய்வார்? அந்த மாதமே அவள் பருவத்துக்கு வந்து வேலியோரம் கனைத்துக்கொண்டே நின்றாள். இன்னொரு ஆணுக்கு மறுபடி அலைந்தேன், கிடைக்கவில்லை.

பொங்கலுக்குச் சங்கம் 'நம் நாட்டினம் காப்போம்' என்று பேனர் கட்டியது. மேடைப் பக்கத்தில் மாலை போட்டு நிறுத்த என் குதிரை வேண்டும் என்று அதே செயலாளர் வந்தார். அவர் அவள் கழுத்தைத் தடவிக் கொடுத்தார்.

"செம அழகு சார். அடுத்த வருஷம் குட்டியையும் சேத்து நிறுத்திடலாம், குழந்தைங்க ரொம்ப ஆசைப்படுவாங்க."

கிண்டலுக்குச் சொல்லியிருந்தால் அறைந்திருப்பேன். மனிதர் மனசாரத்தான் சொன்னார்.