காருக்குச் சிப்பு மாட்டிய மதியம்

பேய் பிசாசு என்று எவனாவது ஆரம்பித்தால், பாவம், அது என்னைப் பார்த்துப் பயந்துவிடப் போகிறது என்று சொல்லித் திரிந்த ஆள் நான். பட்டாசு ஆலையில் போர்மேன். நாள் பூராவும் வெடிமருந்தோடு குடித்தனம் நடத்துகிறவனைப் பேய் வந்து என்ன பண்ணிவிடும்? நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, அந்தத் தெனாவெட்டெல்லாம் சூலக்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தோடு போய்விட்டது.

என் பழைய காரில் நாலு பேர் ஏறினால் அதற்கு மூச்சு வாங்கும். அன்று சாயங்காலம் எம். புதுப்பட்டியில் சம்பந்தி வீட்டில் என் மகளுக்கு வளைகாப்பு. முடிந்ததும் அவளை அந்தக் காரில்தான் வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். மாசமாக இருக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு நடுரோட்டில் நின்றால் என்ன செய்வது? எஞ்சினை ஆட்டிவைக்கிற கம்ப்யூட்டர் பெட்டிக்குள் ஒரு சிப்பை மாற்றினால் வண்டி பறக்கும் என்றான் சூலக்கரை மெக்கானிக் சிக்கந்தர்.

"ஒண்ணே ஒண்ணுண்ணே. நம்ம ஒடம்புல இருக்குற கரண்டு லேசாப் பட்டாக்கூட இந்தச் சிப்பு செத்துரும்."

"எங்க வெடிமருந்து அறையிலயும் அதே கததாம்லே. அந்தக் கரண்டுப் பொறி பட்டா ஆளே மிஞ்ச மாட்டான்."

செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலில் பூமியோடு கம்பி போட்டு இணைத்திருக்கும் செம்புத் தகட்டை உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டி, உடம்பு மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் ஆலையில் நாங்கள் உள்ளே நுழைவோம். பெரிய புத்திசாலி மாதிரி, பழைய இரும்புக் கடையிலிருந்து அப்படி ஒரு தகட்டை வாங்கிவந்து சிக்கந்தரின் கொட்டகை வாசலில் நானே மாட்டினேன். ஒரு ஓரம் கருகியிருந்தது. எந்த ஆலையில் இருந்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

இருவரும் தட்டிவிட்டு உள்ளே போனோம். அவன் பெட்டியைத் திறந்து சிப்பை ஈயம் வைத்துப் பற்றவைக்கிறான், நான் ஸ்டீயரிங்குக்குக் கீழே தலையை விட்டு ஒயரைப் பிடித்திருக்கிறேன், வாசலில் டப் என்று ஒரு சத்தம்.

"யாருண்ணே?"

"டீக்கடைக்காரனா இருக்கும்."

மறுபடி டப். கொஞ்சம் விட்டு இன்னொன்று. அவசரமே இல்லாமல், வரிசையில் நின்று ஒவ்வொருவராக வருகிற மாதிரி. காலையில் என் ஆட்கள் வேலைக்கு நுழைகிற அதே சத்தம். எட்டிப் பார்த்தேன். உச்சி வெயில், வெறும் வாசல், தகடு மட்டும் அதிர்ந்துகொண்டிருக்கிறது. பயத்தில் நான் பிஸ்மில்லா என்றேன், சிக்கந்தர் முருகா என்றான், சத்தியமாகச் சொல்கிறேன். என் வேட்டி கியர் கம்பியில் மாட்டிக்கொண்டது; அதை அங்கேயே விட்டுவிட்டு வேப்பமரம் வரைக்கும் ஓடினேன். எனக்கு முன்னால் சிக்கந்தர் அங்கே நின்றான்.

"திரும்ப வெளிய போற சத்தம் கேட்டுச்சாண்ணே?"

"வெளிய போறப்ப யாருலே தட்டுவா? நுழையிறப்ப மட்டுந்தான்."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது எனக்கே உறைத்தது. உள்ளே போனவர்கள் உள்ளேதான் இருக்கிறார்களா, இல்லையா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை.

ஆனால் பெட்டியை மாட்டாமல் வண்டி நகராது. மகள் காத்திருப்பாள்.

"நீ முன்னால போலே."

"உள்ள கெடக்குறது ஒங்க வேட்டி. நீங்க போங்க."

போனேன். பழக்கத்தில் தட்டினால், நிழலில் இருந்த தகடு தோசைக்கல் மாதிரி கையைச் சுட்டது.

மனைவி காலையிலேயே பஸ்ஸில் போய்விட்டதால் சாயங்காலம் தனியாகத்தான் ஓட்டிப் போனேன். பறக்கும் என்ற கார், பின்பக்கம் அமுங்கி, ஆள் நிறைய ஏற்றிய ஷேர் ஆட்டோ மாதிரி ஊர்ந்தது. பின்னால் பார்க்கும் கண்ணாடியைத் துண்டால் மூடிவிட்டேன்.

வளைகாப்பு முடிந்து என் மனைவி முன்னால் ஏறினாள். மகள் பின்சீட்டில் கதவோடு ஒட்டி ஒடுங்கி உட்கார்ந்தாள்.

"நல்லாத் தள்ளி உக்காரும்மா, அம்புட்டு எடம் கெடக்குல்ல."

"இல்லப்பா, இங்கனயே இருக்கேன்."

ஏன் என்று அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. வீடு வரைக்கும் நான் வாயே திறக்கவில்லை. அன்றைக்கு நடந்ததிலேயே அதுதான் பெரிய அதிசயம் என்பாள் என் மனைவி.

மறுநாளே சிப்பையும் தகட்டையும் கழற்றிவிட்டோம். மகளுக்கு நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்தது. பேத்திக்கு இப்போது மூன்று வயது. மருமகன் பள்ளிக்கூட வாத்தியார். அந்த வீட்டில் யாரும் பட்டாசு ஆலை வாசலை மிதித்ததில்லை. மற்றவர்கள் காரில் பேத்தி சாதாரணமாக ஏறிவிடுகிறாள். என் காரில் மட்டும் செருப்பைத் தெருவிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, கதவை உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் ஏறுகிறாள். கதவோடு ஒட்டி உட்காருகிறாள்.

போன வாரம் நானும் அவளும் மட்டும் கடைக்குக் கிளம்பினோம். இப்படித் தட்ட யாரு தாயி சொல்லிக்கொடுத்தா என்று கேட்டேன்.

"எல்லாரும் தட்டிட்டுத்தான ஏறுறாக, தாத்தா."