சிஜி ஒளித்து வைத்த நகல்கள்

தனுவச்சபுரத்தில் பஸ் ஏறி நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வேலைக்குப் போகிறவள் சிஜி. கணவன் அனூப் பிளம்பர். கிணற்று மோட்டார் பழுது என்றால் சுற்றுவட்டாரத்தில் அவனைத்தான் கூப்பிடுவார்கள். மாமியார் ஓமனக்குட்டியும் பள்ளிக்கூடம் போகும் மகளும் சேர்த்து வீட்டில் நாலு பேர். மாமனார் சுந்தரன் போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டார்.

அனூப் குடிக்கிறவன் இல்லை. கை நீட்டியதும் இல்லை. கோபம் வந்தால் வீடு அதிரச் சத்தம் போடுவான், கொஞ்சம் கழிந்தால் அவனே அடுக்களை வாசலில் வந்து நின்று, "சாயா உண்டா?" என்று கேட்பான். இது சிஜிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும்தான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

அவளுடைய அக்காவை அதியன்னூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அக்கா நர்ஸ். ஒரு சண்டையில் அக்காவின் கணவன் அவளுடைய சர்டிபிகேட்டுகளை முற்றத்தில் தென்னை ஓலையோடு போட்டுக் கொளுத்திவிட்டான். அக்கா போனில் அழக்கூட இல்லை. "எல்லாம் போச்சுடீ. பிள்ளைக்க பெர்த் சர்டிபிகேட்டும் அதிலதான் கெடந்துது," என்று மட்டும் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் மறுபிரதி வாங்க அவள் ஏறி இறங்கிய ஆபீஸ்களுக்கெல்லாம் துணைக்குப் போனது சிஜிதான்.

அந்த அலைச்சல் முடியும் முன்பே, சிஜி ஓமன் நாட்டில் ஒரு லேப் வேலைக்கு விண்ணப்பிக்கலாமா என்று பேச்செடுத்தாள். அனூப்புக்குப் பிடிக்கவில்லை. பேச்சு வளர்ந்தது. "ஒனக்க அக்காவுக்க மாப்ள செய்தது சரியாக்கும்," என்றான். சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான். "எடி, நான் சும்மா சொன்னதாக்கும். மனசில வைக்காத." மறுநாள் அதை அவன் மறந்தும் போனான். சிஜி மறக்கவில்லை.

காஞ்சிரங்குளத்தில் அவளுக்கு ஷிஜா என்றொரு பள்ளித் தோழி உண்டு. திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. சிஜி அவளிடம் போய், தன் காகிதங்களின் நகலை வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாமல் வைக்க வேண்டும் என்றாள். ஷிஜா ஏன் என்று கேட்கவில்லை.

"வீட்டில தீ பிடிச்சாலும், வெள்ளம் ஏறினாலும், போன் காணாமப் போனாலும் ஒனக்குக் கிடைக்கணும். வேற ஒருத்தருக்கும் கிடைக்கப்பிடாது. அது ரெண்டும் உண்டுண்ணாதான் காரியம்," என்றாள்.

யாருக்கும் தெரியாத ஒரு புது மெயில் முகவரி. எங்கோ தூரத்துக் கம்ப்யூட்டர்களில் பூட்டி வைக்கும் ஒரு கணக்கு. சிஜியின் போனில் அதற்கான செயலி கிடையாது. லேப் கம்ப்யூட்டரில் திறந்து, ஏற்றி, திறந்த சுவடு இல்லாமல் மூட வேண்டும். கடவுச்சொல் மறந்துபோனால் மீட்பதற்கான குறியீடு ஷிஜாவின் பொறுப்பில் இருந்தது.

முதலில் தன் சர்டிபிகேட்டுகளையும் பாஸ்போர்ட்டையும் மட்டும்தான் ஏற்றினாள். பிறகு மகளுடையவை. அதற்குப் பிறகு தன் நகைகளின் படம், வீட்டுப் பத்திரம், அனூப்பின் பேங்க் பாஸ்புக். ஒவ்வொரு முறையும் இது போதும் என்று நினைப்பாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார்ந்து ஏற்றும்போது, அனூப் காலையில் கட்டிக் கொடுத்த மரச்சீனிக் கிழங்கும் மீனும் பக்கத்தில் இருக்கும். சில நாள் அதைத் தொடாமலே மூடி வைத்துவிடுவாள்.

அனூப் புதுப் போன் வாங்கியபோது பழையதை அவள் கையில் தந்து, "இதில உள்ளத எல்லாம் அதில ஏத்தித் தா. எனக்கு இதொண்ணும் அறியாது," என்றான். அவள் ஏற்றிக் கொடுத்தாள். கூடவே அந்தப் போனில் இருந்ததையெல்லாம் ஒரு நகல் எடுத்துத் தன் கணக்கில் போட்டாள். அவன் யாருக்கு என்ன எழுதினான் என்று படிக்கவில்லை. படிக்கவில்லையே என்பதைத்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள். பழைய போனை அவன் கடையில் விற்றுவிட்டான்.

சுந்தரன் இருந்தவரை மகனுக்குக் குரல்செய்தியாகத்தான் அனுப்புவார். எழுத்துத் தட்ட அவருக்குப் பொறுமை கிடையாது. "மக்கா, வரும்போ எனக்கு வெற்றிலை வாங்கிட்டு வா. நல்லதாட்டு பாத்து வாங்கணும் கேட்டியா." "எலே, மழை வருது, அந்தக் கிணத்துக்குள்ள இறங்காத." இப்படித்தான் எல்லாம். அவர் போன பிறகு, அனூப் தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் அதில் ஒன்றைப் போட்டுக் கேட்பான். ஓமனக்குட்டி அடுக்களையில் பாத்திரத்தை வைத்துவிட்டுக் காது கொடுப்பாள்.

ஐப்பசி மாதத் துலாவர்ஷ மழையில் பாறசாலைக்குப் பக்கம் ஒரு வீட்டில் மோட்டார் மாற்றும்போது, சட்டைப் பையிலிருந்து அந்தப் புதுப் போன் கிணற்றுக்குள் விழுந்தது. அனூப் இறங்கி எடுத்தான். ஒரு கடைக்காரன் காயவைத்துப் பார்த்தான், இன்னொருவன் பிரித்துப் பார்த்தான். போர்டு போய்விட்டது, உள்ளே இருப்பதை எடுக்க வழியில்லை என்று இருவரும் சொல்லிவிட்டார்கள்.

அனூப் சத்தமே போடவில்லை. அப்பாவின் போனை முன்பே விற்றுவிட்டிருந்தார்கள். சொந்தக்காரர்கள் வீடுவீடாகப் போய், அப்பாவின் குரல் யார் போனிலாவது இருக்கிறதா என்று கேட்டான். யாரிடமும் இல்லை. சிஜி அவனுக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், தன் கணக்கைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

ஒருநாள் ஓமனக்குட்டி கேட்டாள்: "மக்கா, ஒனக்க போனில அவருக்க சத்தம் ஒண்ணும் இல்லியா?"

"இல்ல மாமி," என்றாள் சிஜி. அவளுடைய போனில் இல்லை என்பது உண்மைதான்.

அடுத்த நாள் லேபில் அந்தக் கணக்கைத் திறந்து, இயர்போன் மாட்டிக்கொண்டு தேடினாள். பழைய போனில் இருந்தவை எல்லாம் அப்படியே இருந்தன. வெற்றிலை வாங்கி வரச் சொல்லும் அந்தக் குரலைக் கேட்டபோது மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். கூட வேலை பார்க்கிறவள் தலைவலியா என்று கேட்டாள். ஆமாம் என்றாள்.

உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை. குரல்செய்திகளை மட்டும் ஒரு பென்டிரைவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய், "பழைய லேப்டாப்பில கெடந்துது சேட்டா," என்று அனூப்பிடம் கொடுத்தாள்.

அவன் அவளைக் கட்டிப்பிடித்து அழுதான். ஓமனக்குட்டி அவள் தலையில் கை வைத்து, "நீ நல்லா இருப்ப மக்கா," என்றாள். அந்தக் கையின் கீழே சிஜி கூனிக் குறுகி நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சபை ஆராதனையிலிருந்து வந்ததும் அனூப் அந்தப் பழைய லேப்டாப்பை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அப்பாவின் வீடியோ ஏதாவது இருக்கும் என்ற ஆசை. வெகுநேரம் தேடினான்.

"எடி சிஜி, இதில ஒண்ணும் இல்லியே. நீ எங்கேருந்து எடுத்த?"

அவன் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. ஆசையாகத்தான் கேட்டான். அழிந்துபோச்சு என்று சொல்லியிருக்கலாம், அவன் நம்பியிருப்பான். சிஜியால் முடியவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த லேப்டாப்பிலேயே கணக்கைத் திறந்து அவன் முன்னால் தள்ளி வைத்தாள்.

அவன் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனான். பாஸ்புக். பத்திரம். நண்பன் மனுவுக்கு அவன் எழுதிய செய்திகள்.

"இது எனக்க போனில உள்ளதாக்கும்."

"நான் படிக்கல்ல சேட்டா."

"படிக்காம பின்ன எதுக்கு எடுத்த?"

அவன் அடுத்ததைத் திறந்தான். அது ஒரு ஒலிப்பதிவு. அதைப் பார்த்ததும், "அது வேண்டாம்," என்று கை நீட்டினாள். அதற்குள் அவன் அழுத்திவிட்டான்.

ஓமன் வேலை பற்றி இரண்டாம் முறை சண்டை வந்த அன்று, போனைத் துணிக்கடியில் வைத்து அவளே பதிவு செய்தது அது. அனூப்பின் குரல் அறை முழுவதும் நிறைந்தது. நீ யாரென்று நினைத்தாய், எனக்குத் தெரியாமல் ஒரு காகிதம் வெளியே போகக்கூடாது என்றெல்லாம் கத்திக்கொண்டிருந்தான். தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு அனூப் அசையாமல் இருந்தான். பிறகு கதவு திறக்கும் சத்தம். சுந்தரனின் குரல்.

"எலே அனூபே, நிறுத்துலே. அவ வேலை செய்து களைச்சு வந்து நிக்கா. இந்த வீட்டில சத்தம் போடுகதுக்கு எனக்குத்தான் அதிகாரம் உண்டு, நானே போடல்ல. வந்து கஞ்சி குடி."

அனூப் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டான். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. சிஜி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் லேப்டாப்பை மூடி, "நான் கொளுத்துவேன்னு நினைச்சியா?" என்று கேட்டான்.

"அன்னைக்கு அப்படிச் சொன்னீங்க."

"என்னைக்கு?"

அவள் அந்த நாளை நினைவுபடுத்தினாள். அவனுக்கு ஞாபகம் வரவில்லை. ஆனால் சொல்லியிருப்பேன் என்று ஒத்துக்கொண்டான்.

"ஒனக்கு ஏதாவது ஆச்சுண்ணா இதை யாரு திறப்பா?"

"ஷிஜாகிட்ட கோடு உண்டு."

"நான் போய்க் கேட்டா தருவாளா?"

தரக்கூடாது என்று சிஜியே சொல்லி வைத்திருந்தாள். அவள் பேசாமல் இருந்ததிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. "செரி," என்று எழுந்து போனான்.

"எல்லாத்தையும் அழிச்சிரட்டா சேட்டா?" என்று மறுநாள் கேட்டாள்.

"வேண்டாம். அதில அப்பா உண்டு." கொஞ்சம் யோசித்து, "ஒனக்க சர்டிபிகேட்டும் அங்க கெடக்கட்டும்," என்றான்.

அதற்குப் பிறகு அவன் அதைப் பற்றிப் பேசவில்லை, கடவுச்சொல்லும் கேட்கவில்லை. ஷிஜாவிடம் சொன்னதை மாற்றச் சிஜி பலமுறை போனை எடுத்தாள். அக்காவின் முகம் ஞாபகம் வரும், வைத்துவிடுவாள். அனூப் இப்போது சத்தம் போடுவதில்லை. கோபம் வந்தால் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாழைக்குத் தடம் வெட்டப் போய்விடுகிறான். முன்பு மனுவோடு போனில் பேசும்போது வீடு அதிரச் சிரிப்பான். இப்போது அந்தச் சிரிப்பும் வெளியே போய்விட்டது. மனு கூப்பிட்டால் முற்றத்துக்கு இறங்கி, தூரமாகப் போய் நின்று பேசுகிறான்.

சுந்தரனின் முதலாம் ஆண்டு நினைவு ஜெபத்துக்குச் சொந்தமெல்லாம் கூடியது. ஜெபம் முடிந்ததும் ஓமனக்குட்டி எல்லாரையும் உட்காரவைத்துக் கணவரின் குரலைப் போட்டுக் காட்டினாள். வெற்றிலை, மழை, கிணறு. பெண்கள் விசும்பினார்கள். சொந்தத்தில் காஞ்சிரங்குளத்து மாமி ஒருத்தி சிஜியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்ல புத்தி உள்ள பிள்ளை. இதெல்லாம் எடுத்து வைக்க ஒனக்கு எப்படி மக்கா தோணிச்சு?"

சிஜி வாயைத் திறந்தாள். அதற்குள் அனூப், தட்டில் பிளம் கேக்கை வைத்து எல்லாருக்கும் நீட்டிக்கொண்டே, "அவ முன்கூட்டியே யோசிக்கிற ஆளாக்கும் மாமி," என்றான்.

அவன் குரலில் குத்தல் இருந்ததா என்று சிஜி அவன் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. மாமி இன்னும் கையை விடாமல் புகழ்ந்துகொண்டிருந்தாள். சிஜி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு நின்றாள்.