பினாங்கிலிருந்து வந்த பிலிம்

என் அக்கா புருஷர், அத்திம்பேரின் பெட்டி பினாங்கிலிருந்து வந்து சேர்ந்தபோது அதில் நாலு சட்டை, ஒரு குடை, சவரக் கத்தி, அப்புறம் ஒரு சின்னத் தகர டப்பா இருந்தன. டப்பாவுக்குள் எடுத்து முடித்த பிலிம் சுருள் ஒன்று. அவர் அங்கே விஷக் காய்ச்சலில் இறந்துபோய்ச் சில மாதங்களாகியிருந்தன. அக்கா மயிலாப்பூருக்கு, எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள்.

அவருக்கு ஒரு படம்கூடக் கிடையாது. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று அவருடைய அம்மா கல்யாணத்திலேயே கறாராகச் சொல்லிவிட்டார். எடுக்காமலே குறைந்துபோன ஆயுசுக்கு என்ன சொல்கிறீர்கள் என்று அந்த அம்மாளிடம் கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அப்பா கண்ணாலேயே என் வாயை அடைத்தார்.

படம் எடுக்கிற பைத்தியம் எங்கள் வீட்டில் எனக்குத்தான். ஆபீஸ் நேரம் போக, சாமான் அறையை இருட்டாக்கிக்கொண்டு நானே பிலிம் கழுவுவேன், பிரிண்டும் போடுவேன். அக்கா டப்பாவை என்னிடம் கொண்டுவந்தாள்.

"இதுல அவர் இருப்பாரோடா?"

"கழுவினாத்தான் தெரியும், அக்கா."

"முகம் மறந்துண்டே வரது. கண்ணை மூடிண்டா குரல் கேக்கறது. முகம் வர மாட்டேங்கறது."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. டப்பாவில் ஒட்டியிருந்த காகிதம் இங்கிலீஷில் இல்லை, ஏதோ ஐரோப்பிய பாஷை. இந்த பிலிமை டெவலப்பரில் எத்தனை நிமிஷம் வைப்பது? அதிகமானால் படம் கரியாகிவிடும், குறைந்தால் ஒன்றுமே தெரியாது. இன்னொரு தடவை கழுவிப் பார்க்கலாம் என்கிற பேச்சே இதில் கிடையாது.

டிராம் ஏறி மவுண்ட் ரோட்டில் நான் வழக்கமாகச் சாமான் வாங்கும் கடைக்குப் போனேன். கடைக்கார பாய் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சரக்குன்னே தெரில சார். நம்ம கடைக்கு வந்ததே இல்ல. நுனில ஒரு துண்டு வெட்டிக் கழுவிப் பாருங்க. டைம் சரியா வர்ற வரைக்கும் வெட்டிக்கினே போவ வேண்டியதுதான்."

"வெட்டற இடத்துல படம் இருந்துதுன்னா?"

"அதான் சார் கஷ்டம்," என்று டப்பாவை என் கையில் வைத்துவிட்டார். நல்ல யோசனை.

சித்திரை வெயிலில் தண்ணீர் சூடாக இருந்தால் பிலிமின் மேல்பூச்சே இளகி வழிந்துவிடும். அதனால் கோணியில் மரத்தூளோடு ஐஸ் கட்டி வாங்கி வந்து, டெவலப்பர் தட்டைச் சுற்றி வைத்தேன். அந்த நாளில் நாங்கள் கண்ட பிலிம் எதையும் சிவப்பு வெளிச்சம் ஒன்றும் செய்யாது. சிவப்புக் கண்ணாடி போட்ட லாந்தரை வைத்துக்கொண்டு, படம் ஏறுவதைப் பார்த்தபடியே கழுவலாம். ஆனாலும் சுருளைப் பிரித்து வெட்டும்போது மட்டும் லாந்தரை அணைத்துவிட்டேன். வெட்டியதும் சுருளை டப்பாவில் மூடி வைத்த பிறகுதான் மறுபடி ஏற்றினேன். அது சாமர்த்தியம் இல்லை, வெறும் பயம்.

முதல் துண்டை எட்டு நிமிஷம் வைத்தேன். கன்னங்கரேல் என்று வந்தது. நேரம் அதிகம் என்று அடுத்த துண்டுக்கு ஐந்து நிமிஷம் கொடுத்தேன். அதுவும் கரி. கப்பல் சூட்டில் சுருள் முழுவதும் கெட்டுப்போயிருக்குமோ என்று சந்தேகம் வந்தது. மூன்றாவது துண்டை வெட்டுவதற்கு முன்பே, வெளியே காத்திருக்க முடியாமல் அக்காவும் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். துண்டைத் தட்டில் போட்டு மூன்று நிமிஷம் வைக்கலாம் என்று பார்த்தபோது, அவள் லாந்தருக்கும் தட்டுக்கும் நடுவில் நின்றிருந்தாள்.

"நகந்துக்கோ அக்கா, வெளிச்சத்தை மறைக்கறே," என்று எரிந்து விழுந்தேன். அவள் பாதிதான் நகர்ந்தாள்.

படத்தை அழியாமல் நிலைக்கவைக்கிற ஹைபோவில் போட்டு எடுத்துப் பார்த்தால் துண்டில் பாதி கரி. மறுபாதி, அவள் நிழல் விழுந்த பாதி, கறுக்காமல் இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோளாறு நிமிஷத்தில் இல்லை, லாந்தரில். சிவப்பையும் பார்க்கிற பிலிம் ஒன்று புதிதாக வந்திருக்கிறது என்பது மயிலாப்பூரில் எனக்கு எங்கே தெரியும்? பயந்து லாந்தரை அணைத்திராவிட்டால் சுருள் முழுவதும் போயிருக்கும்.

அந்தக் கறுக்காத பாதியில், மங்கலாக ஒரு பூட்ஸ் கால்.

"யார் காலுடா?"

"தெரியலையே."

"அவர் பூட்ஸ் போட்டுக்க மாட்டார்," என்று சொல்லிவிட்டு அக்கா வெளியே போய்விட்டாள்.

காலுக்கு மேலே முழங்கால், அதற்கு மேலே முகம். இனி வெட்ட எனக்குத் தைரியம் இல்லை. மூன்று நிமிஷத்துக்கு மங்கல் என்றால் ஆறு நிமிஷம் வைக்கலாம் என்று தீர்மானித்தேன். தீர்மானம் என்ன, குருட்டு நம்பிக்கைதான். கும்மிருட்டில் கடிகாரம் தெரியாதே. கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்து நிமிஷம் சொல்லும்படி அக்காவைக் கதவுக்கு வெளியே நிற்க வைத்தேன்.

"ஒண்ணு," என்றாள். "ரெண்டு." நான் பிலிமை இரண்டு கையாலும் தட்டில் ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தேன். நாலு வந்தது. ஐந்து வந்தது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. கூப்பிட்டேன், பதில் இல்லை. கதவைத் திறக்கவும் முடியாது. இருட்டில் எத்தனை நேரம் போனது என்றே புரியவில்லை. போதும் என்று ஏதோ ஒரு கணத்தில் தோன்ற, எடுத்து ஹைபோவில் போட்டேன்.

கதவைத் திறந்ததும், "ஆறுன்னு சொன்னேன்டா, குரல் வெளியில வரலை," என்றாள்.

மறுநாள் காலை, காய்ந்த பிலிமைப் பிரிண்ட் காகிதத்தோடு சட்டத்தில் வைத்து முற்றத்து வெயிலில் சாய்த்து வைத்தோம். மற்ற படங்களில் கப்பல், தென்னை மரம், யார் வீட்டுக் குழந்தைகளோ. நான் நுனியை வெட்டிய படத்தில்தான் ஒருவர் நின்றிருந்தார். கோட்டு, கிராப்பு, முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. வெயிலில் முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்து ஏறியது. எனக்கே சட்டென்று அடையாளம் தெரியவில்லை. அக்காவைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"மீசை வெச்சுண்டிருக்கார்," என்றாள். அப்புறம், பெட்டி வந்த நாளிலிருந்து நான் கேட்காத ஒரு கோபத்தோடு, "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை பாரு," என்றாள்.

பிரிண்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். சுண்டு விரல் நுனியால் அந்த மீசையை மட்டும் மறைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள்.

"இப்போ வந்துட்டார்," என்றாள். விரலை எடுக்கவில்லை.