சுக்கு மணக்கும் பின்சீட்டு

கொச்சங்காடி ஷெட்டில் துருப்பிடித்துக் கிடந்த அத்தாவின் அம்பாசடர் கதவை மெக்கானிக் திறந்ததும் சுக்கு வாசம் வந்தது.

"நன்னாக்கி ஓட வைக்க நிறைய செலவாகும் இக்கா. பிரிச்சு வித்துரலாம்."

சரியென்று தலையாட்டினேன். அவர் கிளம்பினார்.

எழுபதுகளில் அத்தா சுக்கு மூட்டைகளைப் பின்சீட்டில்தான் ஏற்றுவார். தெருவில் யாருக்காவது பிரசவ வலி என்றால், மழையானாலும் மூட்டைகளை வாசலிலேயே இறக்கிப் போட்டுவிட்டு வண்டியை எடுப்பார். பக்கத்து வீட்டு ஜமீலா, ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் அந்தச் சீட்டிலேயே பிறந்துவிட்டாள். முன்சீட்டில் இருந்த என்னிடம், "திரும்பாதே" என்றார் அத்தா. நனைந்து வீணான சுக்கைப் பற்றி அவர் பேசியதே இல்லை.

ஷெட் வாசலில் ஜமீலா பேத்தியோடு நின்றாள்.

"மெக்கானிக் வந்தாரே, நன்னாக்கப் போறீங்கல்ல அண்ணே? நான் பொறந்த எடத்த இவளுக்குக் காட்டணும்."

குழந்தை ஏறி உட்கார்ந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் மெக்கானிக் போய்க்கொண்டிருந்தார். விற்க வேண்டாமென்று சொல்ல நான் கூப்பிடவில்லை.