இஞ்சி விழுந்த கட்டுச்சோறு

அன்று காலை ஐந்தேகால் மணிக்கு நான் மரவள்ளிக்கிழங்கில் இஞ்சியைக் கொட்டினேன். எல்லாம் கெட்டது அதிலிருந்துதான். வருடங்கள் பல ஓடிவிட்டன. இன்னும் யாராவது இஞ்சி நசுக்கும் வாசனை வந்தால் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

எங்கள் நாட்டில் மரவள்ளியையும் இஞ்சியையும் சேர்த்துத் தின்னமாட்டார்கள். சேர்ந்தால் விஷம் என்பார்கள். கிழங்கு தின்ற அன்றைக்கு இஞ்சி போட்ட தேத்தண்ணீர்கூடக் குடிக்கமாட்டோம். இது உண்மையா என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து டாக்டரைக் கேட்டால் சிரிப்பார். ஆனால் அவரும் சேர்த்துத் தின்று நான் பார்த்ததில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. எங்கோ எண்ணெய் விலை ஏறியதாம், எங்கோ கோதுமை விளையவில்லையாம். ரேடியோவில் தினமும் ஏதாவது சொன்னார்கள். அதற்கும் எல்கடுவ மலையில் என் அடுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் சொல்லவில்லை. மாவு இல்லை, சீனி இல்லை, கூப்பன் கடையில் கொடுத்த அரிசி பாதி வாரத்துக்கும் போதவில்லை. மாத்தளையில் இருந்துகொண்டு மிளகுக்கும் ஏலத்துக்கும் கராம்புக்கும் என்ன குறை? டப்பா நிறைய வாசனை இருந்தது. அதைப் போட்டுச் சமைக்கத்தான் ஒன்றும் இல்லை.

நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். மனம் சரியில்லாவிட்டால் சிலர் சாமி கும்பிடுவார்கள், சிலர் தூங்குவார்கள். எனக்கு அடுப்பு வேண்டும். கடுகு வெடிக்கிற சத்தத்தைக் கேட்டால், வெங்காயம் நிறம் மாறுவதைப் பார்த்தால், உலகத்தில் ஏதோ ஒன்றாவது நான் சொன்னபடி நடக்கிறது என்று நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கும். அந்த ஆறுதலையும் அந்த வருடம் பறித்துக்கொண்டது. வெறும் சட்டியைக் காய வைத்து என்ன ஆறுதல் அடைவது?

இதற்கு நடுவில்தான் மகளுக்கு ஏழாம் மாதம். முதல் பிள்ளை. கட்டிக்கொடுத்த இடம் ரிவர்ஸ்டன் பக்கம் ஒரு தோட்டம். போன தடவை பார்த்தபோது கால் வீங்கி, கண் உள்ளே போய்க் கிடந்தாள். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு வருவதென்றால் அரை நாள் ஆகும். எப்படியாவது வீட்டுக்குக் கூட்டிவந்துவிட வேண்டும் என்று எனக்குத் துடித்தது. ஆனால் சும்மா போய்க் கூட்டிவர முடியாது. தாய் வீட்டிலிருந்து ஐந்து வகைக் கட்டுச்சோறு சமைத்துக்கொண்டு போய், சுமங்கலிகளுக்குப் பரிமாறி, அதன் பிறகுதான் பெண்ணை அழைக்கலாம். அதுவும் ஒற்றைப்படை மாதத்தில். அன்றைக்கு விட்டால் ஏழாம் மாதத்தில் வேறு நல்ல நாள் இல்லை, ஒன்பதாம் மாதம்வரை அவள் அங்கேதான். சம்பந்தியம்மாவோ, கட்டுச்சோறு இல்லாமல் அனுப்பினால் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் நாலு பேர் சிரிப்பார்கள் என்று போன தடவையே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வில்கமுவையில் தெரிந்தவர் ஒருவர் கொடுத்த அரிசியை என் கணவர் பஸ்ஸில் கொண்டுவந்தார். வழியில் தடை போட்டிருந்தவர்கள் பையோடு வாங்கிக்கொண்டார்கள். அப்போது அரிசியை ஊர் விட்டு ஊர் கொண்டுபோவது குற்றம். கள்ளச் சாராயம் கொண்டுவந்தவரைப் போல அவர் தலை குனிந்து வந்து நின்றது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

அதனால்தான் மரவள்ளி. கிழங்கைத் துருவி, பிழிந்து, உதிர்த்து, ஆவியில் அவித்தால் தூரத்திலிருந்து பார்க்கச் சோறு மாதிரியே இருக்கும். ஒரு பெரிய சட்டி நிறைய அவித்து வைத்தேன். புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர், சர்க்கரைக்குப் பதில் கித்துள் மரத்துப் பாணி என்று ஐந்தாகப் பிரிப்பதுதான் திட்டம். சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த விடியற்காலையில் நான் சந்தோஷமாக இருந்தேன். பல வாரங்களுக்குப் பிறகு அடுப்பில் இரண்டு பக்கமும் எரிந்தது.

அப்போது என் கணவர் வாசற்படியில் வந்து நின்றுகொண்டு ஆரம்பித்தார். இது சோறு இல்லை என்று அவர்கள் கண்டுபிடித்துவிட்டால் என்ன செய்வாய் என்றார். கண்டுபிடிக்கட்டும் என்றேன். சம்பந்தியம்மா வாய் சும்மா இருக்காதே என்றார். உங்கள் பையைப் பறிகொடுத்துவிட்டு வந்து என்னைக் கேட்கிறீர்களா என்று கத்தினேன். வாய் கத்திக்கொண்டிருக்க, கை அதன் பாட்டுக்கு இருபத்தைந்து வருடப் பழக்கத்தில் தயிர்ச்சோற்றுக்குத் தாளித்தது: கடுகு, கறிவேப்பிலை, பச்சை மிளகாய், நசுக்கிய இஞ்சி. அதே கை அந்தத் தாளிப்பை இன்னும் பிரிக்காத பெரிய சட்டியில் கொட்டிக் கிளறியும் விட்டது.

இரண்டு பேரும் சட்டியைப் பார்த்தோம்.

"இஞ்சியப் பொறுக்கி எடுத்துரலாம்" என்றார் அவர்.

"சாறு எறங்கிருச்சுங்க."

"நான் மொதல்ல தின்னு பார்க்கிறேன். எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா கொண்டு போவோம்." உண்மையிலேயே ஒரு கை அள்ளிவிட்டார்.

அவர் கையைத் தட்டிவிட்டேன். "நீங்க மாசமாவா இருக்கீங்க?"

அவர் மண்வெட்டியை எடுத்தார். வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டினார். கோழி கிளறக்கூடாது என்று ஆழமாக வெட்டினார். நான் சட்டியோடு நின்றேன். எலுமிச்சை இலை மாதிரிப் பசுமையாகக் கறிவேப்பிலை மேலே கிடந்தது. வாசனை லயம்வரை போயிருக்க வேண்டும். கீழ் லயத்தில் கொழுந்து எடுக்கிற ஒருத்தி வேலி ஓரம் வந்து நின்றாள். அவளுக்குச் சின்னப் பிள்ளைகள் மூன்று பேர்.

"என்ன டீச்சரம்மா, சாப்பாட்டைப் பொதைக்கிறீங்க?"

"கெழங்குல இஞ்சி விழுந்துருச்சு."

அவள் ஒரு அடி பின்னால் போனாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. என் கணவர் மண்ணைத் தள்ளி மிதித்து முடிக்கும்வரை அந்தக் குழியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கொடுக்க என்னிடம் அன்று ஒரு பிடி எதுவும் இருக்கவில்லை. அவள் பார்த்த பார்வையை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நாங்கள் ஏற வேண்டிய காலை பஸ் போகிற சத்தம் மலையில் கேட்டது. பிடுங்க இன்னொரு கிழங்கு மூடு வீட்டுத் தோட்டத்தில் இல்லை. பக்கத்தில் கடன் கேட்கவும் யாரிடமும் இல்லை. ஐந்து வகை என்ன, ஒரு வகைகூட இல்லாமல் போய் எந்த முகத்தோடு வாசல் ஏறுவது? வெறுங்கையோடாவது போய்ப் பார்ப்போம் என்றார் கணவர். அனுப்பமாட்டேன் என்று அந்த அம்மா மகள் முன்னாலேயே சொல்லிவிட்டால் பிள்ளை உடைந்துபோவாளே என்றேன். போகவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. அவர் மூன்று தடவை சட்டையை மாட்டி மூன்று தடவை கழற்றினார்.

நான் மறுபடி அடுப்புக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். மூலையில் கொஞ்சம் பலாக்கொட்டை கிடந்தது. தோல் உரித்து, கீறி, மிளகும் சீரகமும் அரைத்துப் போட்டுக் கறி வைத்தேன். சோறு இல்லாமல் கறி எதற்கு என்று அவர் கேட்டார். எதற்கென்று எனக்கும் தெரியாது. கையை எங்கேயாவது வைக்க வேண்டியிருந்தது. கறி நன்றாகத்தான் வந்தது. அது நன்றாக வந்ததே எனக்கு எரிச்சலாக இருந்தது. உப்பைக்கூட என்னால் சரியாகப் போட முடிகிறது, பெற்ற பெண்ணைக் கூட்டிவர முடியவில்லை.

பின்னேரம் மழை இருட்டிக்கொண்டு வந்தபோது பள்ளிக்கூடத்துக்குக் கீழே இரண்டு பேர் ஏறி வருவது தெரிந்தது. ஒருத்தி நாலு அடிக்கு ஒரு தரம் நின்றாள். மற்றவள் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். என் கணவர் செருப்பில்லாமல் ஓடினார்.

மகள் உள்ளே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். சம்பந்தியம்மா வாசலிலேயே நின்றுகொண்டார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். சோற்றுக்கு நடந்ததைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பேசவிடவில்லை.

"பகல் பஸ்ஸு வரைக்கும் ரோட்டையே பாத்தோம் சம்பந்தி. அஞ்சு வகை, அஞ்சு வகைன்னு நான்தான் பெரிய வாயாப் பேசிட்டேன், அதை விடுங்க. எங்க வீட்டுல முந்தாநாளுலருந்து ஒலை வைக்கல. ஒங்க மகளை நீங்களே வச்சுக் காப்பாத்துங்க. எனக்குக் கொஞ்சம் தண்ணி மட்டும் குடுங்க, கடைசி பஸ்ஸப் புடிக்கணும்."