சேற்றோடு அளந்த ஃபோர்க்

கோபம் வந்தால் சிலர் பாத்திரத்தைப் போட்டு உருட்டுவார்கள். எனக்கு வந்தால் அளவுகோலைத் தேடுவேன். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் சோதனைக்கூடத்தில் இருபது வருடம் நூலை அளந்ததில் வந்த புத்தி அது. போன வருடம் ஐப்பசியில் என் சைக்கிள் என்னைக் குப்புறத் தள்ளியபோதும், எழுந்தவள் முதலில் பார்த்தது முழங்காலை இல்லை, முன்சக்கரத்தைத்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊரிலிருந்து ஏழெட்டுப் பேர் சைக்கிளில் கிளம்புவோம். அதில் பெண் நான் ஒருத்திதான். வருடத்தில் ஒருமுறை, மழைக்காலத்தில், பிளவக்கல் அணை வரை போவது குழுவின் வழக்கம். ஸ்ரீவில்லிபுத்தூர் வரை தார்ச்சாலை. அதற்கப்புறம் வன்னியம்பட்டிப் பக்கம் கரிசல்காட்டு வண்டிப்பாதை. கடைசியில் ஓடை மணல். போன வருடம் அந்தக் கரிசலில்தான் மண் அப்பி என் முன்சக்கரம் நின்றது. மற்றவர்கள் தள்ளியும் தூக்கியும் அணைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். என்னையும் சைக்கிளையும் என் கணவர் தன் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். அதற்கு முந்தைய சவாரியில் வாழைத்தார் ஏற்றியிருந்தாராம், வண்டியெல்லாம் சருகு.

குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற எஞ்சினீயர். மறுநாள் போனில் கூப்பிட்டார். "மேடம், கார்த்திகை முடியுற வரைக்கும் ரெஸ்ட் எடுங்க. மழை விடட்டும், பொறவு பாத்துக்கிடலாம்" என்றார். திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. அவர் அத்தனை மரியாதையாகச் சொன்னதுதான் தாங்கவில்லை. அடுத்த மழைக்கு, யார் வண்டியிலும் ஏறாமல், என் சொந்தச் சக்கரத்தில் அந்த அணைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று அன்றைக்கே முடிவு பண்ணினேன்.

சைக்கிளை ஸ்ரீவில்லிபுத்தூரில் பாயின் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். பாய்க்கு என் வயதுதான். வாயும் என் அளவுக்கு உண்டு. முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் கவட்டையைத்தான் ஃபோர்க் என்பார்கள். என்னுடையது ஸ்பிரிங் வைத்தது. அதை நாலு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஸ்பிரிங் போச்சுக்கா. இதுல அகல டயரும் ஏறாது. ஸ்பிரிங் இல்லாத கெட்டி ஃபோர்க்கா போட்டுருவோம். பழசோட நீளம் என்னன்னு பாத்து ஆர்டர் போடுதேன்."

"பழசை எப்படி அளப்பீங்க?"

"டேப்பை வச்சுத்தான். வேற எப்படி?"

அங்கேதான் அவரைப் பிடித்தேன். தளர்வாகக் கிடக்கிற நூலை அளந்து ரிப்போர்ட் எழுதினால் எங்கள் கூடத்தில் அந்தத் தாள் குப்பைக்குத்தான் போகும். நூலை இழுவையில் வைத்து அளந்தால்தான் அது அளவு. ஸ்பிரிங் ஃபோர்க்கும் அப்படித்தான். ஆள் ஏறி உட்கார்ந்ததும் அமுங்கிவிடும். கெட்டி ஃபோர்க் அமுங்காது. சும்மா நிற்கிற வண்டியை அளந்து அதே நீளத்துக்கு வாங்கினால், புது ஃபோர்க் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். எனவே கடைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நான் சைக்கிளில் ஏறி உட்கார, பாய் குத்தவைத்து அளந்தார். ஆள் இல்லாமல் நானூற்றுத் தொண்ணூறு மில்லிமீட்டர். நான் உட்கார்ந்தால் நானூற்று எழுபது.

"இன்னும் கனத்த ஆளு உக்காந்தா?" என்றார்.

"கனத்த ஆளு எதுக்கு என் வண்டில உக்காருதாரு?"

பாய் சிரித்துக்கொண்டே பென்சிலை எடுத்தார். ஃபோர்க்கின் மேலே ஹேண்டில்பாரோடு சேரும் கழுத்துக் குழாயின் பருமன், சக்கர அச்சு, டிஸ்க் பிரேக் மாட்டும் இடம் எல்லாவற்றையும் ஒரு துண்டுத்தாளில் எழுதினோம். தலைவர் கார்பன் ஃபோர்க்கைச் சிபாரிசு செய்தார். ஒரு கையால் தூக்கலாமாம். நான் தூக்குவதற்கா வாங்குகிறேன்? ஸ்டீல்தான் என்று சொல்லிவிட்டேன். ஓடை மணலில் புதையாமலிருக்க நான் வாங்கிவைத்த அகல டயர் இரண்டு புள்ளி ஆறு இஞ்ச். 'இரண்டு புள்ளி ஆறு வரை' என்று போட்ட ஒரு ஃபோர்க் கிடைத்தது. பத்து நாளில் வந்து இறங்கியது. சக்கரத்தை அதில் வைத்துச் சுற்றிப் பார்த்தோம். டயருக்கும் ஃபோர்க்கின் ஒவ்வொரு காலுக்கும் நடுவே ஒரு பென்சில் போகும் இடம் இருந்தது. கழுத்துக் குழாயை என் சைக்கிளின் அளவுக்கு வெட்டுகிற வேலைதான் பாக்கி. அதை மறுநாள் செய்வதாகப் பாய் சொன்னார். வெட்டிவிட்டால் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் என் பெருமையைக் கணவரிடம் அளந்தேன். அவர் வன்னியம்பட்டிக்காரர். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"டயர் எம்புட்டு?"

"ரெண்டு புள்ளி ஆறு."

"ஃபோர்க்கு?"

"அதுவும் ரெண்டு புள்ளி ஆறுதான். கனகச்சிதம்."

"அப்போ எங்க ஊரு மண்ணு எங்கிட்டுப் போகும்? மழை வந்துட்டா நாங்க மட்கார்டைக் கழத்தி வீட்டுல போட்டுட்டுத்தானே சைக்கிளை எடுப்போம்? நீ காசு குடுத்து மட்கார்டை இறுக்கி மாட்டுத."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. உட்கார்ந்து அளக்க வேண்டும் என்று பாய்க்குப் பாடம் எடுத்தவள், டயரை மட்டும் கடையின் சிமெண்டுத் தரையில், சுத்தமாக, உலர வைத்து அளந்திருக்கிறேன். கரிசலில் அந்த டயர் அப்படியா இருக்கும்? கை கழுவாமலேயே பாய்க்குப் போன் போட்டு, "குழாயை வெட்டிறாதீங்க" என்றேன்.

மறுநாள் மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு வன்னியம்பட்டிக்குப் போனேன். நாத்தனார் காட்டில் முந்தின நாள்தான் மழை. ஒரு பிளாஸ்டிக் வாளி நிறைய மண்ணை வெட்டினேன். வரப்பில் நின்ற நாத்தனார், "எங்க மண்ணு ராஜபாளையத்துல என்ன விலைக்குப் போகுது மதினி?" என்று கேட்டாள். வாளியோடு பஸ்ஸில் ஏறியபோது பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து பின்னால் போய்விட்டார். நல்லதாகப் போயிற்று, வாளிக்கும் இடம் கிடைத்தது.

பாய் கடை வாசலில் சாக்கை விரித்து மண்ணைக் கொட்டி, தண்ணீர் தெளித்துப் பிசைந்தேன். சக்கரத்தை அதில் நாலு சுற்று உருட்டி எடுத்து ஃபோர்க்கில் மாட்டச் சொன்னேன். எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு வந்து நின்றார்கள். பாய் சக்கரத்தைச் சுற்றினார். ஒரு சுற்று வந்தது. இரண்டாவது சுற்றில் கறகறவென்றது. மூன்றாவது சுற்று வரவே இல்லை. போன வருடம் என்னைக் கீழே தள்ளிய அதே நிறுத்தம்.

"காலைல குழாயை வெட்டியிருந்தா ரெண்டு பேருக்கும் சண்டைதான்" என்றார் பாய்.

மில்லிலிருந்து முன்பே வாங்கி வைத்திருந்த வெர்னியர் அளவுகோலால் டயரில் ஒட்டிய மண்ணை அளந்தேன். பக்கத்துக்கு ஏழு மில்லிமீட்டர். டயர் அறுபத்தாறு, மண் பதினாலு, ஆக எண்பது. எனக்குத் தேவை எண்பதுக்கு மேல் இடைவெளி உள்ள ஃபோர்க். வந்ததைத் திருப்பி அனுப்பிவிட்டு, மூன்று இஞ்ச் டயருக்கான, அதே நானூற்று எழுபது நீளமுள்ள ஸ்டீல் ஃபோர்க் ஒன்றை வரவழைத்தோம். கால்களுக்கு நடுவே எண்பத்தெட்டு இருந்தது. பின்சக்கரத்தில் பழைய ஒல்லி டயரையே விட்டுவைத்தேன். அங்கே ஓரளவு இடம் இருந்தது.

படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் தலைவர் எழுதினார்: 'டயர் சின்னது, ஃபோர்க் பெரியது. அண்ணன் சட்டையைத் தம்பிக்கு மாட்டிவிட்டீர்களே, மேடம்.' மற்றவர்கள் எல்லோரும் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மை போட்டேன்.

இந்த வருடம் அணைக்குக் கிளம்பிய ஞாயிறுக்கு முந்தின சாயங்காலம் நல்ல மழை. தார்ச்சாலை முடிகிற இடத்தில் தலைவர் சைக்கிளை நிறுத்தினார். "மேடம், நீங்க இங்கனயே இருந்து டீ குடிங்க. நாங்க போயிட்டு வந்துருதோம்" என்றார். "டீ அணைல குடிச்சுக்கிடுதேன் சார்" என்று சொல்லிவிட்டு மிதித்தேன்.

கரிசல் கால் மைல் வரை சும்மா இருந்தது. அப்புறம் பிடித்தது. முன்னால் போன இருவர் நின்றார்கள். அடுத்து மூன்று பேர். தலைவரின் கார்பன் ஃபோர்க், விலையுயர்ந்த அந்த வழவழப்பான கவட்டை, கொழுக்கட்டை மாவு அப்பியதுபோல் அடைத்துக்கொண்டது. என் சக்கரம் சேற்றை வாரிக்கொண்டது, ஃபோர்க் கால்களில் சிக்காமலே சுற்றி வந்து கீழே உதிர்த்தது. பின்சக்கரத்தை மட்டும் இரண்டு தடவை நிறுத்திக் குச்சியால் வழித்தேன். ஒவ்வொருவராகக் கடந்து போனபோது எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கவே தோன்றவில்லை. பல்லெல்லாம் தெரிய இளித்துக்கொண்டுதான் போனேன். ஓடை மணலில் அகல டயர் புதையாமல் போயிற்று. கெட்டி ஃபோர்க் ஒவ்வொரு கல்லையும் மணிக்கட்டில் சொல்லிவிட்டுத்தான் தாண்டியது, சொல்லட்டும்.

அணைக்கு நான்தான் முதலில் போனேன். எதிரே மலை, கீழே தண்ணீர், பக்கத்தில் என் சைக்கிள். கரையில் உட்கார்ந்து இரண்டு கடலைமிட்டாய் தின்றேன். மூன்றாவதையும் தின்றேன். போன வருடத்து வாழைச்சருகு ஞாபகம் வந்தது, சிரித்துக்கொண்டேன்.

ரொம்ப நேரம் கழித்துத் தலைவர் வந்தார், சைக்கிள் தோளில். இறக்கி வைத்துவிட்டு என்னிடம் வரவில்லை. என் சைக்கிளிடம் போனார். ஃபோர்க் காலில் ஒட்டியிருந்த மண்ணை வழித்துவிட்டு, டயருக்கும் அதற்கும் நடுவே சுண்டுவிரலை விட்டார். தடங்கலில்லாமல் போய் வந்தது. அந்த விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"மேடம், என் டயரு ரெண்டு புள்ளி நாலு. எனக்கு எந்த ஃபோர்க் சரியா வரும்?"

"சனிக்கிழமை பாய் கடைக்கு வந்துருங்க சார்" என்றேன். "வரும்போது ஒரு வாளி கொண்டாங்க."